அடக்கம்

வெள்ளைச் சீருடை தையல்காரரிடம் போயிருக்கிறது,
இடுப்பில் இரண்டு விரல் அகலம் விடச் சொல்லி.
திங்கட்கிழமை லைட் தெருவில் சட்டமன்றம் திறக்கிறது.
அதற்குள் பட்டியல் வேண்டும்.

ஜெலுத்தோங், மாடியில் சேவை மையம்.
கீழே டயர் கடை. ஒவ்வொரு நட்டு கழலும்போதும்
வைபி தெய்வநாயகம் வாக்கியத்தை நிறுத்தி
மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்.
அவர் தமிழில் சொல்வார், நான் மலாயில் அடிப்பேன்,
ஒன்பது வருடமாக.
அவர் கொள்கையில் பாதி எனக்கு ஒத்துவராது.
அது அவருக்கும் தெரியும்.
சம்பளம் இருபத்தைந்தாம் தேதி தவறாது வரும்.

“முதலாவது,” என்றார், “அடக்கம்.”

செலவில் அடக்கம்: விழா மேடைக்கும் பலூனுக்கும்
அதிகாரிகளின் ‘ஆய்வுப் பயணத்துக்கும்’ ஒரு காசு கிடையாது.
நடத்தையில் அடக்கம்: பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள்
மலிவுச் சாராயம் ஆகாது.
இரவு பதினொன்றுக்கு மேல் அடுக்குமாடிக்குக் கீழே
பையன்கள் மோட்டார் முறுக்கக் கூடாது.
புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்,
பழையதை எத்தனை பேர் வாசித்தீர்கள் என்று கேள்.

மலாயில் இதற்கெல்லாம் ஒரே சொல் இல்லை.
‘சோப்பான்’ என்று போட்டேன். முகம் சுளித்தார்,
அது பெண் பார்க்கும்போது தேநீர் கொண்டுவருகிறவளுக்கு.
‘ஜிமாட்’ என்று போட்டேன்.
அது மின்விசிறி விளம்பரம்.

கதவைத் தட்டாமல் ஒரு பெண் வந்தாள்.
லோகாம்பிகை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை,
காலில் இன்னும் வேலையிடத்து நீலக் காலுறை.
புருஷன் நேற்று ராத்திரி ஆஸ்பத்திரியில்.
“எரிக்க வேணாம்னு சொல்லிட்டுப் போனாருங்க.
வெல்டிங் வேலை. முப்பது வருசம்
நெருப்பைப் பார்த்தது போதும்னாரு.
இடுகாட்டுல கேட்டா, அடக்கம் பண்ண
இடமில்லைங்கிறாங்க.”

கீழே யாரும் நட்டு கழற்றவில்லை.

இடுகாட்டை ஒட்டி அரசாங்க நிலம் உண்டு.
போன தவணையில் அதை வாகன நிறுத்துமிடமாக்க
கை தூக்கியவர்களில் எங்கள் வைபியும் ஒருவர்.
வருமானம் வரும் என்று பேசினார்.
அந்தப் பேச்சை அடித்ததும் நான்தான்.

நான்கு தொலைபேசி அழைப்பு.
மூன்றில் ‘ஐயா’ என்றார். ஒன்றில் கத்தினார்.
மதிலோரம், சாக்கடைப் பக்கம், ஓர் ஆறடி கிடைத்தது.
எழுதிக் கொடுத்த காகிதத்தை அவள்
இரண்டு தரம் படித்தாள்.
“வண்டிக் கூலியும் இதில அடக்கமாங்க?”

இல்லை. அதை அவர் சட்டைப்பையிலிருந்து கொடுத்தார்,
நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டு.

அவள் போன பிறகு நெடுநேரம் நாற்காலி கிறீச்சிட்டது.
“முதலாவதை வாசி.”
திரையில் நான் அடித்து வைத்திருந்த சொல்: பெங்கெபூமியான்.
மண்ணில் வைப்பது.
“நான் சொன்ன அடக்கம் இது இல்லை,” என்றார்.
அழிக்கச் சொல்லவில்லை.
மோட்டார் பையன்களைக் கடைசிக்குத் தள்ளினார்.
பலூனைத் தூக்கினார், பிறகு திரும்பவும் வைத்தார்.
சாராயம் மட்டும் இரண்டாவதாக இருக்கட்டும்,
அதில் அவர் மாறமாட்டார், நானும் கேட்கவில்லை.

தையல்காரர் கூப்பிட்டார்:
துணி தயார், ஆனால் இனி விட மடிப்பு இல்லையாம்.

கிளம்பும்போது கேட்டேன்,
“வாகன நிறுத்துமிடத்துக்கு நீங்கள் கை தூக்கியதைச் சேர்க்கட்டுமா?”
கைப்பையின் ஜிப்பை இழுத்தார், அது சிக்கியது.
“பேச எத்தனை நிமிடம்?”
“பத்து.”
“அப்படியென்றால் கடைசியில் போடு.”

கடைசியில் போட்டால் ஒலிவாங்கி அணைந்துவிடும்.
அது அவருக்கும் தெரியும்.

இரண்டாம் வரியில் போட்டிருக்கிறேன்.
வாசிப்பாரா, பக்கத்தைத் தாண்டுவாரா,
திங்கட்கிழமை பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து
பார்க்க வேண்டும்.